வெட்டுமண்ணா, டிப்பர் மண்ணா, கிரவலா? மலையகத்தில் வீட்டு நிலம் நிரப்பும்போது

இலங்கையின் மலைநாட்டில் சமதரை தானாகக் கிடைப்பதில்லை. வெட்டியோ நிரப்பியோதான் உண்டாக்க வேண்டும். ஹற்றனிலோ மஸ்கெலியாவிலோ பண்டாரவளையிலோ வீடு கட்டத் தொடங்கினால், அத்திவாரத்துக்கு முன்பே மண் பேச்சு வந்துவிடுகிறது. மேல்பக்கம் வெட்டியதைக் கீழ்ப்பக்கம் தள்ளிவிடலாம் என்பார் ஒருவர். டிப்பரில் மண் வாங்கலாம் என்பார் இன்னொருவர். காசு கூடினாலும் கிரவல்தான் (சிறு கற்கள் கலந்த செம்மண்) சரி என்று மேசன் சொல்வார். இடித்த லயத்துச் (தோட்டத்து வரிசை வீடு) சுவரைக் கொட்டினாலே போதும் என்று சொல்பவர்களும் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொந்தக் காணியில் வெட்டிய மண்ணைத் தரம் பிரித்து, முடிந்த அளவு குறைவாக நிரப்புவதே இங்கே நல்ல வழி. கிரவல் வீட்டுத் தரையின் அடியிலும் வாகனம் ஏறும் பாதையிலும் மட்டும் போதும்.

குறைவாக என்று சொல்வதற்குக் காரணம் எடை. ஏழு பேர்ச்சஸ் காணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது சுமார் 1,906 சதுர அடி. வீட்டுக்கு முன்னால் 600 சதுர அடி முற்றத்தைச் சராசரியாக 2 அடி உயர்த்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1,200 கன அடி மண் வேண்டும். ஒரு கியூப் 100 கன அடி என்பதால், 12 கியூப். இது இறுகிய மண்ணின் கணக்கு. டிப்பரில் வருவது உதிர்ந்த மண். இடித்து இறுக்கும்போது ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ அமுங்கிவிடும். ஆகவே 15 முதல் 16 கியூப் வரை வாங்க வேண்டியிருக்கும். இறக்கி முடித்த பிறகு முற்றத்தில் கிடப்பது ஏறக்குறைய 60 தொன். அதைச் சரிவின் விளிம்பில் ஏற்றி வைக்கிறோம். மழை பெய்தால் அந்த எடை இன்னும் கூடும். எந்த மண் மலிவு என்று கேட்பதற்கு முன், இந்த 60 தொன்னைக் கீழே இருக்கும் நிலம் தாங்குமா என்று கேட்க வேண்டும்.

வெட்டுமண்ணுக்குப் பல நன்மைகள் உண்டு. ஏற்றுகூலி இல்லை. எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் இல்லை. ஆனால் ஒரே மேட்டில் வெட்டினாலும் வருவது ஒரே மண் இல்லை. மேலே ஓர் அடி வரை கறுத்த மண். மானாப்புல் வேரும் பழைய தேயிலைத் தூரும் அதில் கலந்திருக்கும். அது பயிருக்கு உயிர், நிரப்புக்குக் கேடு. வேர்கள் உக்கும்போது உள்ளே வெற்றிடம் விழுந்து தரை இறங்கும், கறையானும் வந்து சேரும். அதற்குக் கீழே மணலும் களியும் கலந்த செம்மஞ்சள் மண் இருக்கும். நமக்கு வேண்டியது இதுதான். இன்னும் ஆழத்தில் உக்கிய பாறை. கையில் தேய்த்தால் மைக்கா மினுமினுப்பாக ஒட்டும். பார்வைக்கு நல்ல மணல் போலத் தெரிந்தாலும், மைக்கா மிகுந்த மண் இடிக்க இடிக்க நெகிழ்ந்து மேலெழும்பும். தண்ணீர் பட்டால் எளிதில் அரித்துக்கொண்டு போகும்.

பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) ஓட்டுபவர் இந்த வித்தியாசத்தைப் பார்த்து வேலை செய்ய மாட்டார். மணிக்கணக்குக் கூலி என்பதால், மூன்றையும் ஒன்றாக வாரி விளிம்புக்கு அப்பால் தள்ளிவிட்டுப் போவார். மலையகத்தில் நிரப்பிய முற்றங்கள் பிளந்து கிடப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம். மூன்று குவியலாகப் போடச் சொல்லுங்கள். இடம் போதாவிட்டால், மேல்மண்ணை மட்டுமாவது முதலில் வழித்து ஒதுக்கிவைத்துக் கடைசியில் மரக்கறிப் பாத்திக்குப் பரப்பலாம்.

வெட்டுமண்ணில் ஓர் ஆசையும் ஒளிந்திருக்கிறது. மண் போதவில்லை என்றால் பின்பக்கத்து மேட்டை இன்னும் இரண்டு அடி உள்ளே வெட்டத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்தது போன்ற பெருஞ்சரிவை ஒரு தனி வீட்டுக்காரரால் தடுக்க முடியாது. சமையலறைக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டி நிறுத்திய மண்சுவர் நம் கையில் இருக்கும் விஷயம். நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற மண்சரிவு அபாய மாவட்டங்களில், கட்டட அனுமதிக்குப் போகும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையைக் கேட்பார்கள். வெட்டிய பிறகு அந்த அறிக்கைக்கு விண்ணப்பிப்பதில் பயன் குறைவு. பெக்கோ வருவதற்கு முன்பே அவர்கள் நிலத்தைப் பார்க்க வேண்டும்.

டிப்பர் மண்ணைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது அதன் ஊர். வீதி அகலப்படுத்தும் இடத்திலிருந்து வந்ததா, யாரோ ஒருவர் வீட்டு மேட்டை வெட்டியதா, வீதியில் விழுந்த மண்சரிவை அள்ளியதா? சரிவில் அள்ளிய மண் சும்மா கிடைக்கும், ஏற்றுகூலி மட்டும் கொடுத்தால் போதும். வேரும் களியும் பாறைத் துண்டும் கலந்து ஊறிப்போன அந்த மண் எனக்கு இலவசமாகவும் வேண்டாம். மற்ற மண் வந்தால் ஒரு கண்ணாடிப் போத்தலில் பாதி மண்ணும் மேலே தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் தங்கும். வண்டல் சில மணி நேரம் எடுக்கும். களி நாள்கணக்கில் கலங்கலாகவே நிற்கும். மணல் பாதிக்குமேல் இருந்து, களி கொஞ்சம் இருந்தால் வாங்கலாம். மறுநாளும் தண்ணீர் தெளியாமல், அடியில் மணல் சிறிதளவே தங்கியிருந்தால் அந்த டிப்பரைத் திருப்பி அனுப்புங்கள்.

தோட்டப் பாதையில் டிப்பர் ஏறாத இடங்கள் நிறைய. அப்போது பிரதான வீதியோரம் கொட்டி, லேண்ட்மாஸ்டரிலோ (இரு சக்கரச் சிறு உழவு இயந்திரம்) தலைச்சுமையாகவோ கொண்டுபோக வேண்டும். மண்ணின் விலையை விட அந்தக் கூலி கூடிவிடும். விலை பேசும்போது வீட்டு வாசல் வரைக்கும் என்று பேசுங்கள்.

கிரவல் இறுகுவதற்கு ஈடு இல்லை. சிறு கற்களும் செம்மண்ணும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் அதிகம் ஊதாது, காய்ந்தாலும் வெடிக்காது. ஆனால் நல்ல செங்கிரவல் தாராளமாகக் கிடைப்பது தாழ்நிலங்களில். நுவரெலியாவுக்கு ஏறி வரும்போது நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு டீசலுக்குத்தான் போகிறது. வீட்டுத் தரையின் கீழ் 4 முதல் 6 அங்குலம், வாகனம் ஏறும் பாதையில் அதே அளவு. அதற்குமேல் முற்றம் முழுவதும் கிரவல் போடுவது வீண். அதில் ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட நன்றாக வளராது.

கிரசர் தூள் (கல் உடைக்கும் ஆலையில் விழும் தூள்) இன்டர்லொக் கல்லுக்கு அடியில் பரப்ப நல்லது. விளிம்பில் தடுப்பு இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் ஓடிவிடும். இடிபாடு வேண்டவே வேண்டாம். செங்கல், கொங்கிரீட் துண்டுகளுக்கு இடையில் வெற்றிடம் நிற்கும், மேலே போட்ட மண் மெல்ல மெல்ல அதற்குள் இறங்கும். பழைய கூரையின் அஸ்பெஸ்டஸ் தகடு அதில் கலந்திருந்தால், உடைக்கும்போது எழும் தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

எதை வாங்கினாலும் போடும் முறை சரியில்லை என்றால் எல்லாம் ஒன்றுதான். முதலில் புல்லையும் மேல்மண்ணையும் வழிக்க வேண்டும். ஐந்து அடி தூரத்துக்கு ஓர் அடி இறங்குவதை விடச் செங்குத்தான சரிவென்றால், அதில் படிபடியாக வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் மண்ணை உட்கார வைக்க வேண்டும். புல்லின் மேலேயே கொட்டிய மண், எண்ணெய் தடவிய பலகையில் வைத்த பாத்திரம் மாதிரி, ஒருநாள் அப்படியே வழுக்கும். சரிவில் எங்காவது ஊற்று கசிந்தால் அதை மூடிவிடாமல், கல்லும் துளைக் குழாயும் இட்டுத் தண்ணீர் வெளியே போக வழி செய்த பிறகே நிரப்ப வேண்டும். பிறகு 6 அங்குலத்துக்கு ஒரு படை. ஒவ்வொரு படையையும் திமிசுக்கட்டையாலோ வாடகை இயந்திரத்தாலோ இடிக்க வேண்டும். மண்ணின் ஈரத்தைக் கையே சொல்லும்: பிடித்தால் உருண்டையாக நின்று, தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். தண்ணீர் விரலிடுக்கில் வழிந்தால் வேலையை நிறுத்திக் காய விடுங்கள். இரண்டு அடியை ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் இடிப்பதை நான் எங்கே பார்த்தாலும் மனம் பதறுகிறது.

வீட்டில் பாதி வெட்டிய நிலத்திலும் பாதி நிரப்பிய நிலத்திலும் நின்றால், இரண்டும் சேரும் கோட்டில் சுவர் வெடிக்கும். அத்திவாரம் நிரப்பைத் தாண்டிப் பழைய உறுதியான நிலத்தைத் தொட வேண்டும். முற்றத்து மண் வீட்டுத் தரையை விட 6 அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும். சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் 6 அங்குல வாட்டம் வெளிநோக்கி வேண்டும். மலைப்பக்கத்தில் இடம் இல்லாததால், அங்கே சீமெந்து பூசிய கான் ஒன்று கட்டாயம். அந்தக் கான் தண்ணீரைப் பொதுக் கானில் சேருங்கள். கீழ் வரிசை வீட்டின் கூரைமேல் திருப்பிவிட்டால், நம் முற்றம் காய்வதற்கு இன்னொரு குடும்பம் நனையும்.

நிரப்பவே நிரப்பாமல், வீட்டையே இரண்டு மட்டமாகக் கட்டுவதும் ஒரு தெரிவு. மண் செலவு மிகக் குறையும், சரிவும் கலையாமல் இருக்கும். ஆனாலும் மக்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. தலைமுறை தலைமுறையாக லயத்து வாசலில் ஒடுங்கிய ஒரு துண்டு நிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு, பிள்ளைகள் ஓடவும் ஒரு கல்யாணப் பந்தல் போடவும் சொந்தமாகச் சமமான முற்றம் வேண்டும் என்ற ஆசை மிக நியாயமானது. அதனால் முற்றத்தை இரண்டு தட்டாகப் பிரிக்கச் சொல்கிறேன். 6 அடி உயரத்தில் ஒரே தாங்குசுவருக்குப் பதிலாக, இடைவெளி விட்டு 3 அடியில் இரண்டு கல்லுக்கட்டு. இரண்டிலும் தண்ணீர் வடியத் துளை, அவற்றின் பின்னால் சல்லி. அதற்குமேல் உயரம் தேவை என்றால் பொறியியலாளர் ஒருவர் வரைந்து தர வேண்டும்.

வாங்கிய மண்ணாக இருந்தால் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள். 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மண் அகழ்வதும் விற்பதும் ஏற்றிச் செல்வதும் புவிச்சரிதவியல் ஆய்வு மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிக்கு உட்பட்டவை. பத்திரம் இல்லாத டிப்பர் பாதி வழியில் மறிக்கப்பட்டால் உங்கள் வேலை பாதியில் நிற்கும். மழை குறைந்த காலமாகப் பார்த்து வேலையைக் குறியுங்கள்: ஹற்றன், மஸ்கெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை, பதுளை, பண்டாரவளை பக்கம் கச்சான் எனும் வறண்ட காற்று வீசும் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. பருவமழை தொடங்கும் முன் கடைசிப் படையை இடித்து முடித்து, நிரப்பின் சரிந்த பக்கத்தில் புல் பதித்துவிட வேண்டும்.