"100 வாட்ஸுக்குச் சமம்" என்ற பேச்சை நம்பி வீடு முழுக்க பல்பு மாற்றினேன்

மொத்தமாக பல்பு மாற்றப் போகிறவர்கள் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஒரே நாளில் பன்னிரண்டு எல்.இ.டி. பல்பு வாங்கினேன். எட்டு மாதத்தில் ஏழு போய்விட்டன. எரிகிற ஐந்தையும் அறையில் போட மனம் வரவில்லை.

கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே வித்தையை உங்களிடமும் காட்டலாம். மேஜையில் இரண்டு ஹோல்டர். ஒன்றில் 100 வாட்ஸ் குண்டு பல்பு, இன்னொன்றில் 9 வாட்ஸ் எல்.இ.டி. கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகப் போட்டார். "பாருங்க சார், இது அதைவிடப் பளிச்சுனு இருக்கா இல்லையா?" என்றார். பளிச்சென்றுதான் இருந்தது. "100 வாட்ஸுக்குச் சமம், கரண்ட் பத்தில் ஒரு பங்குகூட இல்லை" என்றார். வீட்டில் இருந்த பழைய சி.எஃப்.எல். பல்புகளைக் கொண்டுவந்தால் விலையில் கழித்துக்கொள்வதாகவும் சொன்னார். நன்றாக எரிந்துகொண்டிருந்தவற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று கவனிக்காமல் விட்டது, அந்தக் குண்டு பல்பின் கண்ணாடி உள்பக்கம் கறுத்திருந்தது. டங்ஸ்டன் இழை எரிய எரிய ஆவியாகிக் கண்ணாடியில் படியும். வயதான குண்டு பல்பின் வெளிச்சம் அப்படித்தான் குறையும். ஆயுள் முடியப்போகிற ஒன்றைப் புது எல்.இ.டி.யோடு நிற்க வைத்திருக்கிறார். அதோடு, அவர் காட்டிய எல்.இ.டி.யின் நிறம் 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை (இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும்). மஞ்சள் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தால் கண்ணுக்குக் கூடுதலாகவே தெரியும்.

மாட்டிய அன்று இரவே அப்பா, "என்னப்பா, வெளிச்சம் மங்கலா இருக்கே" என்றார். கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று சொல்லி, டாக்டரிடமும் கூட்டிப்போனேன். கண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கேட்கவில்லை.

அப்புறம்தான் அட்டைப் பெட்டியை எடுத்துப் படித்தேன். முன்பக்கம் பெரிதாக "9 வாட்ஸ்". பின்பக்கம், மூலையில், 540 லூமென். வாட்ஸ் என்பது பல்பு தின்னும் மின்சாரம். லூமென்தான் அது தரும் வெளிச்சம். 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்று ஏறக்குறைய 700 முதல் 800 லூமென் தரும். 100 வாட்ஸ் என்றால் 1300-லிருந்து 1600 வரை. ஆக, எனக்கு விற்றது 60 வாட்ஸுக்கே ஈடு கிடையாது. நான் கொடுத்துவிட்டு வந்த 14 வாட்ஸ் சி.எஃப்.எல். பல்பே ஏறக்குறைய 800 லூமென் தரக்கூடியது. அப்பா சொன்னது முழுக்க உண்மை.

எல்.இ.டி.யைக் குறை சொல்ல வரவில்லை. ஒழுங்காகச் செய்த 9 வாட்ஸ் எல்.இ.டி. 800, 900 லூமென் தாராளமாகத் தருகிறது. குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சூடாகத்தான் போகிறது, அதற்கே திரும்பிப் போங்கள் என்று சொல்ல மாட்டேன். என் கோபம் லூமெனை மறைத்து விற்கிறவர்கள் மேல்தான்.

அடுத்தது ஆயுள். பெட்டியில் 15,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. நாளுக்கு ஆறு மணி நேரம் எரித்தால் ஏழு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. முதல் பல்பு நான்காவது மாதம் நின்றது, அதாவது சுமார் 700 மணி நேரம். சாதாரணக் குண்டு பல்பே 1,000 மணி நேரம் வரும்! மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்த சின்னச் சின்ன மஞ்சள் சில்லுகளில் ஒன்றில் மட்டும் கறுப்புப் புள்ளி. எல்லாம் ஒரே தொடராக இணைக்கப்பட்டிருந்ததால், அந்த ஒன்று போனதும் மொத்தமும் அணைந்துவிட்டது. போன ஏழில் ஐந்து, நாலாபுறமும் மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தவை. எல்.இ.டி.க்குச் சூடு ஆகாது. குண்டு பல்பு அந்தச் சூட்டைத் தாங்கி எரியும், ஆனால் இதன் சில்லும், மின்சாரத்தை அதற்கு ஏற்றபடி மாற்றித் தர அடியில் இருக்கிற டிரைவர் மின்சுற்றும் காற்று கிடைக்காவிட்டால் சீக்கிரம் போய்விடும்.

வாரண்டி கேட்டுப் போனேன். "மூடிய கூட்டுக்குள் போட்டால் வாரண்டி கிடையாது" என்று பெட்டியில் எறும்பு எழுத்தில் இருந்ததைக் காட்டினார். பல்பு எங்கே மாட்டுவதற்கு என்று ஒவ்வோர் அறையாக அவரிடம் சொல்லித்தான் வாங்கினேன். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூடாத இடத்தில் போன மற்ற இரண்டுக்கும், பில்லில் மாடல் எண் இல்லை என்று கையை விரித்துவிட்டார். பில்லில் மாடலும் தேதியும் எழுதித் தராத கடையில் வாங்காதீர்கள்.

எரிகிற ஐந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் அடியில் அரை மணி நேரம் படித்தால் எனக்குத் தலை வலிக்கிறது. பென்சிலை விரல்களுக்கு நடுவே பிடித்து வேகமாக ஆட்டிப் பார்த்தேன். ஒரே மங்கலாகத் தெரிய வேண்டியது, தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தது. மலிவான டிரைவர் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யாமல் அப்படியே விடுவதால் விளக்கு நொடிக்கு நூறு தடவைக்குக் குறையாமல் துடிக்கிறது. செல்போன் கேமராவைக் காட்டினாலும் கறுப்புப் பட்டைகள் ஓடும். கடையிலேயே இதைச் சோதித்துவிடலாம். நிறமும் சரியில்லை. அம்மா தைக்கும்போது அரக்குச் சிவப்பு நூலும் பழுப்பு நூலும் ஒன்றாகத் தெரிந்தன. பொருள்களின் நிறத்தை ஒரு விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் உண்டு, குண்டு பல்புக்கு அது 100. தைக்கவும் வரையவும் 90-க்கு மேல் கேளுங்கள். என் பெட்டியில் அந்த எண்ணே இல்லை.

இன்னொன்று. நான் கொடுத்த சி.எஃப்.எல்.களை அந்தக் கடைக்காரர் சாதாரணக் குப்பையோடு போட்டதை இரண்டாம் முறை போனபோது பார்த்தேன். அதில் கொஞ்சம் பாதரசம் இருக்கிறது. வீட்டில் உடைந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வந்து, கொஞ்ச நேரம் கழித்துக் கெட்டி அட்டையால் வாரி மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள்.

இப்போது அப்பா அறையில் வேறு கடையில் வாங்கிய 1000 லூமென், 3000 கெல்வின் பல்பு எரிகிறது. கண்ணாடிக் கூட்டையும் கழற்றிவிட்டேன். சோதனைக்காக முதலில் ஒன்றுதான் வாங்கினேன். மற்ற அறைகளுக்கு மூன்று மாதம் போகட்டும் என்று காத்திருக்கிறேன்.