கண் நரம்பு: தடிமனை அளப்பதா, ரத்த ஓட்டத்தைப் பார்ப்பதா?

பினாங்கில், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி ஜார்ஜ்டவுன் கண் டாக்டரிடம் வந்த அத்தைக்கு கிளௌகோமா, அதாவது கண் நரம்பு மெல்ல அழியும் நோய். டாக்டர் இரண்டு விதப் படம் எடுக்கச் சொன்னார். "ரெண்டு படம் எதுக்குப்பா?" என்றார். நியாயமான கேள்விதான்.

1991-இல் அறிமுகமான ஓசிடி (ஒளியால் கண்ணின் உள்ளடுக்குகளைப் படமெடுக்கும் ஸ்கேன்), கண் நரம்பிழைகளின் தடிமனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் அளக்கும். ஆண்டுக்காண்டு ஒப்பிட நல்லது. ஆனால் நோய் முற்றித் தடிமன் 50, 60 மைக்ரானுக்கு இறங்கிவிட்டால் எண் அங்கேயே நின்றுவிடும். மிஞ்சியிருப்பது ரத்தக்குழாயும் தாங்கு திசுவும்தான். பார்வை குறைந்துகொண்டே போனாலும் அளவு அசையாது.

அங்கேதான் ரத்த ஓட்டத்தைப் படமாக்கும் ஓசிடி ஆஞ்சியோகிராபி கைகொடுக்கிறது. ஒரே இடத்தை அடுத்தடுத்துப் படமெடுத்து, மாறியதை மட்டும் ஓடும் ரத்தமாகக் கொள்கிறது. ஊசி இல்லை, சாயம் இல்லை. (ஊசியில் சாயம் ஏற்றும் பழைய ஃப்ளோரசின் சோதனையில் சிறுநீர்கூட மஞ்சளாகும்.) நுண்குழாய்கள் அற்றுப்போன இடம் கறுப்பாகத் தெரியும். ஆனால் அது காட்டுவது குழாய்களின் அடர்த்தியை. ரத்தத்தின் வேகத்தை அல்ல. கண் லேசாக ஆடினாலும் படத்தில் கோடு விழும். அத்தைக்கு வறண்ட கண், இரண்டு முறை திரும்ப எடுத்தார்கள்.

ஆரம்ப நிலை என்றால் நான் ஓசிடியோடு நிறுத்திக்கொள்வேன். முற்றியவருக்கு இரண்டும். கண் அழுத்தச் சோதனையும், பார்வை எவ்வளவு அகலத்துக்குத் தெரிகிறது என்று பார்க்கும் பார்வைப் புலச் சோதனையும் எப்படியும் வேண்டும், அதில் பேரமே கிடையாது.