பாம்பன் லாத்தா கடை: புதுச் சட்டியில் ஒரு மீனாணம்

பாம்பனிலிருந்து தங்கச்சிமடம் போகும் ரோட்டில், கடல் பக்கம் இறங்குகிற மண் பாதையில் ஒரு ஓலைக் கொட்டகை. பெயர்ப் பலகை கிடையாது. நாலு பெஞ்சு, இரண்டு விறகடுப்பு, கை கழுவ ஒரு நீல டிரம். ஊருக்கு அது லாத்தா கடை. லாத்தா என்றால் இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்கா, கடையை நடத்துகிறவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். நான் வாடகை வண்டி ஓட்டுகிறவன், வாரத்துக்கு நாலைந்து சவாரியை அங்கே கொண்டு போய் இறக்குவேன். கமிஷன் வாங்குவதில்லை, டிரைவர் சாப்பாடு மட்டும் இலவசம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வழக்கமான சாப்பாடு 130 ரூபாய். சோறு, மீனாணம், ஒரு கூட்டு, ரசம், மோர். குழம்பைத்தான் இங்கே முஸ்லிம் வீடுகளில் ஆணம் என்பார்கள். ரசம் சுமார், கூட்டு பேருக்கு ஒன்று. ஆணத்துக்காகத்தான் அந்தக் கடைக்குப் போகவேண்டும். விளமீன் கிடைத்த நாளில் போனால் உங்கள் அதிர்ஷ்டம். இவ்வளவுதான் என்றால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை அங்கே நடந்ததற்காகத்தான் எழுதுகிறேன்.

என் வண்டிக்கு வந்த சவாரி, கணவன், மனைவி, இரண்டு பேர். யூதர்கள், மத முறையை விடாமல் பார்க்கிறவர்கள். கொச்சியில் 1568இல் கட்டிய மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருந்தார்கள். கணவருடைய தாத்தா பம்பாயில் பிறந்தவராம், பாக்தாத் வழிக் குடும்பம். தங்கியிருந்த ஓட்டலில் "பியூர் வெஜ் சார், கவலைப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். இவர்களோ இரண்டு நாளாக வாழைப்பழமும் கொண்டு வந்த டின் மீனும் மட்டும். சைவம்தானே, அதில் என்ன குறை என்று நானும் கேட்டேன். பச்சையாகத் தின்னக்கூடியதை யார் கொடுத்தாலும் சாப்பிடலாமாம். ஆனால் சோறு மாதிரி, சமைத்தால்தான் தின்ன முடியும் என்கிற பண்டம் என்றால், அந்தச் சமையலில் ஒரு யூதருடைய கை பட்டிருக்கவேண்டும். கீரையில் பூச்சி, இலையில் புழு பார்ப்பது அதற்கு மேல். பால் என்றால் கறக்கும்போதே தங்கள் ஆள் ஒருவர் பார்த்திருக்கவேண்டும் என்பது அவர்கள் வீட்டுப் பழக்கம். ஓட்டல்காரர் பாவம், இதெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை லாத்தாவுக்குப் போன் போட்டேன். ஹலால் மாதிரிதானே என்றுதான் அவரும் ஆரம்பித்தார். இல்லை லாத்தா, நம்ம ஊர்க் கோழி அவர்களுக்கு ஆகாது, அறுக்க அவர்களிலேயே படித்துத் தேர்ந்த ஆள் வேண்டும், அறுத்த பிறகு ஊறவைத்து, உப்புப் போட்டு ரத்தம் வடிக்கவேண்டும் என்றேன். மீனுக்கு அந்த வேலை எதுவும் இல்லை, அதனால்தான் மீன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார்: "தம்பி, சட்டி யாருது? தீ யாரு வைக்கணும்? கத்தி எது?"

இந்த மூன்று கேள்விக்காகவே கடைக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்துவிட்டேன். இறாலும் நண்டும் கொதித்த சட்டி அவர்களுக்கு ஆகாது. எங்கள் அப்பத்தா விரத நாளில் கவிச்சி புழங்கிய சட்டியைத் தொடமாட்டாள், அதனால் எனக்கு இது புரிந்தது. ஆனால் அப்பத்தா சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டு மறுபடி எடுப்பாள். இவர்கள் முறையில் உலோகப் பாத்திரம் என்றால் கொதிநீரில் முக்கியோ நெருப்பில் காய்ச்சியோ சரிசெய்யலாம், மண்சட்டிக்கு அந்த வழியே இல்லை. ஒரு தடவை உள்ளே இழுத்தது இழுத்ததுதான். ஆக, புதுச் சட்டி வாங்கவேண்டும்.

இங்கேதான் லாத்தா குறுக்கே நின்றார். புதுச் சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும், மண் வாசம் அடிக்கும், பழக்காமல் தன் கையால் வைக்கமாட்டேன் என்று ஒரே பிடி. வடிகஞ்சி ஊற்றிப் பழக்கலாம் என்றார். அந்தக் கஞ்சி எந்தப் பானையில் வெந்தது என்று அந்தக் கணவர் கேட்பாரே! கடைசியில் பச்சை அரிசி கழுவின தண்ணீர், பச்சைத் தண்ணீர்தானே, அதில் இரண்டு ராத்திரி மானாமதுரைச் சட்டியை ஊறவைத்தார். அந்த அரிசியையும் புது வாளியில் கழுவியிருக்கிறார். அதை நான் கேட்கவே இல்லை.

வியாழன் காலை முதல் வேலை மீன். பாம்பன் கரையில் சூடை, பாறை, விளமீன், திருக்கை, கணவாய், ஒரு சின்னச் சுறா எல்லாம் கிடந்தது. துடுப்பும் வேண்டும், செதிலும் வேண்டும். இது மோசேயின் சட்டத்திலேயே இருக்கிறது. மீன் கொடுத்த அண்ணன் தேவாலயத்துக்குப் போகிறவர், "வேதத்துல சிறகும் செதிளும்னு வருமே" என்று உடனே பிடித்துக்கொண்டார். கணவாயும் திருக்கையும் ஒதுங்கின. சுறாவுக்குத் துடுப்பு இருக்கிறதே என்றேன். கணவர் குனிந்து அதன் தோலைத் தடவிக் காட்டினார், உப்புத்தாள் மாதிரி சொரசொர. செதில் என்றால் தோல் கிழியாமல் நகத்தால் எடுக்க வரவேண்டும், இது வராது. செதில் உள்ள மீனுக்கெல்லாம் துடுப்பு இருக்கும், துடுப்பு உள்ளதுக்கெல்லாம் செதில் இருக்காது என்று அவர்களுடைய பழைய நூலான மிஷ்னாவில் உண்டாம். அண்ணன் அதற்குத் தலையாட்டிய விதத்தைப் பார்க்கவேண்டும், கெளுத்தியை நினைத்திருப்பார்.

ஒன்றரைக் கிலோ விளமீன் எடுத்தோம். நாங்கள் அந்தப் பக்கம் நகர்ந்த இரண்டு நிமிஷத்தில் மீன் வெட்டுகிற பையன் உதவி என்று நினைத்து மொத்தச் செதிலையும் வழித்து, தோலையும் உரித்து, துண்டு போட்டு வைத்துவிட்டான். கணவருக்கு முகம் மாறிப்போனது. செதிலைக் கண்ணால் பார்க்காத வெறும் துண்டை எடுக்க முடியாது, பார்த்த மீன்தான் இது என்று சொல்லவும் யாரும் பக்கத்தில் இல்லை. அந்த மீன் என் வீட்டுக்குப் போனது. இன்னொன்று முழுசாக வாங்கினோம். இரண்டுக்கும் காசு என் கையிலிருந்துதான். அவர் கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.

அடுத்தது குந்துகால். 1897இல் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை. புது எவர்சில்வர் கத்தி ஒன்று, அலுமினிய வாணலி ஒன்று ராமநாதபுரத்தில் வாங்கியிருந்தோம். பிறரிடமிருந்து வாங்கும் உலோக, கண்ணாடிப் பாத்திரத்தைப் புழங்கும் முன்னால் நீரில் முழுக்கி எடுக்கவேண்டும். அதற்கென்று தனிக் குளம் கட்டி வைத்திருப்பார்களாம், கடல் இருந்தால் கடலே போதும். மண்சட்டிக்கும் கொட்டாங்கச்சி அகப்பைக்கும் முழுக்கு கிடையாது. முக்குவதுக்கு முன்னால் அந்த அம்மா வாணலியின் அடியில் ஒட்டியிருந்த விலைச் சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். சீட்டு வந்துவிட்டது, பசை வரவில்லை. தண்ணீர் படாமல் ஒரு பொட்டு மறைந்திருந்தாலும் ஆகாதாம். என் வண்டியில் இருந்த தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் துணியால் தேய்த்து, அப்புறம் எண்ணெய்ப் பிசுக்கு போக மண்ணால் தேய்த்து, கால் மணி நேரம் ஆனது. கணவர் முட்டளவு தண்ணீரில் நின்று ஏதோ ஓதி, பிடி இறுகாமல் லேசாக விட்டு முக்கினார். லேசாக விட்டதில் வாணலி நழுவிப் போய்விட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான்தான் இறங்கி எடுத்தேன். நாங்கள் புதுச் சட்டிக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிறோம், சரி.

கடைக்கு வந்தால் லாத்தா ஓரமாகத் தனி அடுப்பு கூட்டி வைத்திருந்தார். சீமைக் கருவேல விறகு. யார் தீ வைப்பது என்பதில் அவர்களுக்குள்ளேயே இரண்டு பழக்கம் உண்டு. தீயைப் பற்றவைத்தாலே, ஒரு குச்சி எடுத்துப் போட்டாலே கூடப் போதும் என்று மனைவி பிறந்த ஐரோப்பிய வழி. சட்டியை அடுப்பில் ஏற்றுவதே தங்கள் கையாக இருக்கவேண்டும் என்று கணவர் வழி. இந்தச் சட்டங்களை ஒழுங்குபடுத்தி யோசேப் காரோ என்பவர் எழுதிய நூல் 1565இல் வெனிஸில் அச்சானது. அதன் பெயருக்கு அர்த்தமே பரத்தி வைத்த மேசை என்பதுதான். போலந்தில் கிராக்கோவில் இருந்த மோசே இஸ்ஸர்லிஸ் என்பவர் ஐரோப்பியப் பழக்கங்களை அதன்மேல் குறிப்பாக எழுதி மேசை விரிப்பு என்று பெயர் வைத்தார். சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆக, மனிதர் தீயும் வைத்தார், சட்டியும் ஏற்றினார், சோற்றுப் பானையையும் அவரே ஏற்றினார். கருவேலம் புகைந்து கண்ணெல்லாம் தண்ணீர். லாத்தா ஊதுகுழலை நீட்டி, எப்படி ஊதுவது என்று வாயைக் குவித்துக் காட்டினார்.

ஒரே ஒரு இடத்தில் லாத்தாவுக்குக் கோபம் வந்தது. முந்தின ராத்திரியே அரைக் கிலோ சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து வைத்திருந்தார், காலையில் வேலை ஓடட்டும் என்று. உரித்து ராத்தங்கிய வெங்காயம், பூண்டு, முட்டை மூன்றையும் அவர்களுடைய பழைய சட்ட நூலான தல்மூத் விலக்கியிருக்கிறதாம். "அரைக் கிலோ தம்பி, கண்ணு போச்சு" என்றார் என்னைப் பார்த்து. பிறகு முனகிக்கொண்டே புதிதாக உட்கார்ந்து உரித்தார், அந்த அம்மாவும் கூட உட்கார்ந்தார். அம்மி கிடையாது, அதில் கூனி இறால் அரைத்திருக்கிறார்கள். மசாலாப் பொடியும் எண்ணெயும் கொச்சியிலிருந்து அவர்களே கொண்டு வந்தது. அரிசியைச் சுளகில் பரப்பி மூன்று முறை பார்த்தார்கள். கறிவேப்பிலையை வெயிலுக்கு நேரே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்கள். புளியைக் கரைத்துத் துணியில் வடித்தார்கள். தேங்காய்ப்பால் லாத்தாவே கையால் பிழிந்தது, தேங்காயைத் துருவ மட்டும் எங்கள் வீட்டிலிருந்து பிரிக்காத புதுத் துருவி ஒன்று கொண்டு போனேன். அதையும் கத்தியோடு குந்துகாலில் முக்கியிருந்தோம்.

மீன் வெந்து இறக்கியதும் இலை போட்டார்கள். வாழையிலையில் தட்டுக் கவலையே இல்லை. லாத்தா பழக்கத்தில் மோர்க் குவளையோடு வந்தார். பாலும் மீனும் சேர்க்கமாட்டோம் என்றார் கணவர், காரோ உடம்புக்குக் கேடு என்று எழுதியிருக்கிறார், பாக்தாத்காரர்கள் அதை விடாமல் பார்ப்பார்கள். அதைக் கேட்டதும் லாத்தா முகம் மலர்ந்தது. "எங்க உம்மாவும் அதான் சொல்லும். மீன் தின்னுட்டு மோர் குடிச்சா தேமல் வரும்." அப்படியென்றால் 130 ரூபாய்ச் சாப்பாட்டில் இவ்வளவு வருஷமாக எங்களுக்கு ஏன் மோர் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

ஆணம் வெள்ளையாகத் தெரிகிறதே, பால் என்று யாராவது நினைத்துவிட்டால்? அதற்காக இலை ஓரத்தில் ஒரு தேங்காய்ச் சில்லை வைத்துக்கொண்டார். இறைச்சியில் பாதாம் பால் ஊற்றினால் பக்கத்தில் பாதாமை வைக்கச் சொல்லி இஸ்ஸர்லிஸ் எழுதியதிலிருந்து வந்த வழக்கமாம். மீனுக்குத் தேவையில்லைதான், வைத்தால் மனசுக்கு நிம்மதி என்றார்.

இன்னொரு பேச்சும் ஓடியது. எனக்கு நண்டு பிடிக்கும் என்று அவர் கேலி செய்ததும் லாத்தா, கடலோரத்து ஷாஃபி முஸ்லிம்கள் நண்டு, இறால் எல்லாம் தின்போம், உள்நாட்டுப் பக்கம் ஹனஃபி ராவுத்தர் வீடுகளில் நண்டு தொடமாட்டார்கள் என்றார். அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அதைப் பற்றி இருபது கேள்வி கேட்டார். பழம் வந்ததும் வாழைக்குத் தனி ஸ்தோத்திரம், தேங்காய்க்குத் தனி. வாழை தண்டு வருஷா வருஷம் சாவதால் அது மரம் இல்லை, நிலத்து விளைச்சல் கணக்கு. தென்னை மரம். தொல்காப்பியத்தில் தென்னையும் பனையும் புல் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம் எனக்கு. சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார்.

இனி குறைகள். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு என்றது, இலை விழுந்தபோது 3 மணி. ஆணத்தில் உப்பு ஒரு கல் கூட, கடைப் பொடி இல்லாததால் அந்த வழக்கமான காரமும் இல்லை. வாணலியில் பொரித்த துண்டு ஓரம் கருகிவிட்டது, கணவர் தீயை விசிறிக்கொண்டே இருந்தார். டிரம்மில் தண்ணீர் பாதியில் தீர்ந்தது. நிழலில் ஒரு வண்டிதான் நிற்கும். மொத்தம் 900 ரூபாய் வாங்கினார், சட்டி விலையையும் சேர்த்து. என் கணக்கில் ஐந்துக்கு நான்கு.

இந்த மாதிரி முறை பார்க்கிற விருந்தாளி யாராவது உங்களோடு வந்தால் மூன்று நாள் முன்னால் சொல்லிவிடுங்கள். வெள்ளி மதியம் வேண்டாம், லாத்தா கடையில் ஜும்ஆ தொழுகை முடியும்வரை அடுப்பு எரியாது, அவர்களுக்கும் சனிக்கிழமை ஓய்வு நாள் தொடங்குமுன், பொழுது சாய்வதற்குள் ரூமுக்குப் போய்விடவேண்டும். சனிக்கிழமை அவர்கள் வண்டியே ஏறமாட்டார்கள், வாடகை பேசும்போது அதை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

அடுத்த தடவைக்கும் இதே சட்டி ஆகுமா என்று லாத்தா கேட்டதற்கு, இடையில் யார் என்ன வைத்தார்கள் என்று தெரியாதே, புதுசுதான் வாங்கவேண்டும் என்றார் அவர். "அப்ப இது எனக்கு" என்று லாத்தா எடுத்து வைத்துக்கொண்டார். போன வாரம் போயிருந்தபோது அதில் நண்டு ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது. நன்றாகப் பழகிவிட்டது சட்டி. கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.