கட்டாய சிகிச்சை ஆணை: கட்டுப்படுவது நோயாளி மட்டும்தானா?

டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் எங்கள் பெரியம்மா மகனுக்கு மனச்சிதைவு நோய். மருந்தை விட்டால் சில வாரத்தில் தூக்கம் போய்விடும், அப்புறம் பக்கத்து வீட்டார் தண்ணீரில் விஷம் கலக்கிறார்கள் என்பார். அதனால் வீட்டில் இருக்கும் நோயாளிக்குக் கட்டாய சிகிச்சை சரியா தவறா என்ற பேச்சை என்னால் வெறும் விவாதமாகக் கேட்க முடியாது.

நம் தென்னாப்பிரிக்காவில் இது 2002ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கடைசி 7 நாளுக்குள் நோயாளியைப் பார்த்த நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்க வேண்டும், மனநலப் பணியாளர் இருவர் தனித்தனியே பரிசோதிப்பார்கள், 72 மணிநேரம் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிப்பார்கள். படுக்கையில் வைக்கத் தேவையில்லை என்றால் நிபந்தனையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு இப்படிப்பட்ட முடிவுகளைச் சரிபார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு எழுத்தில் தெரிவிப்பார்கள். நிபந்தனையை மீறினால் திரும்ப வரச் சொல்லலாம். வீட்டுக்கு அனுப்பும் அந்தக் கட்டத்தில் நீதிபதி இல்லை. வக்கீல் வைக்க வசதியில்லாத எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது பெரிய நிம்மதி, ஆனால் நோயாளிக்காகப் பேச அங்கே யாரும் இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நியூயார்க்கில் 1999இல் வந்த கெண்ட்ரா சட்டம் வேறு மாதிரி. சுரங்க ரயில் முன் கெண்ட்ரா என்ற பெண்ணைத் தள்ளிக் கொன்ற வழக்குதான் அதற்குக் காரணம் (தள்ளியவரே அதற்கு முன் பலமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் உதவி கேட்டவர், இதை ஏனோ பலரும் சொல்வதில்லை). அங்கே நீதிபதி முன் மருத்துவர் சாட்சி சொல்ல வேண்டும், நோயாளிக்கு வக்கீல் உண்டு, எழுதப்பட்ட சிகிச்சைத் திட்டமும் அவரைத் தொடர்ந்து கவனிக்க ஒரு ஊழியரோ குழுவோ கட்டாயம் உண்டு. நோயாளி சிகிச்சையை மறுத்தால் பரிசோதனைக்காக 72 மணிநேரம் வரை ஆஸ்பத்திரியில் வைக்கலாம், ஆனால் அந்த ஆணையை மட்டும் காட்டி வலுக்கட்டாயமாக ஊசி போட முடியாது.

இங்கிலாந்தில் 2008 முதல் நீதிமன்றம் போகாமலே, இன்னொரு மனநல அலுவலர் சம்மதத்தோடு மருத்துவர் ஆணை போடுகிறார். 336 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது: ஆணை இருந்தவர்களிலும் இல்லாதவர்களிலும் ஒரு வருடத்துக்குள் மறுபடி ஆஸ்பத்திரி சேர்ந்தவர்கள் அதே 36 சதவீதம். நியூயார்க் பெல்வியூ ஆஸ்பத்திரியில் கட்டாய சிகிச்சையை முன்னோட்டமாகச் செய்ததிலும், நல்ல சேவை இரு பக்கமும் கிடைத்தபோது, ஆணையால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆணையை விடக் கிடைக்கும் சேவைதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுவதால்தான் நான் நியூயார்க் பக்கம் சாய்கிறேன், நீதிபதிக்காக அல்ல, அந்தச் சிகிச்சைத் திட்டத்துக்காக. ஆஸ்பத்திரியில் வேண்டாம், சமூகத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கௌடெங் மாகாணத்தில் 2016இல் பார்த்தோம். லைஃப் எசிடிமெனி மனநல ஆஸ்பத்திரிகளிலிருந்து மாற்றப்பட்டவர்களில் 144 பேர் இறந்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்த படிவத்தில் நிபந்தனை எல்லாம் அண்ணன் பெயருக்குத்தான். அவர் ஊசி தவறிய இரண்டு மாதமும் காலையிலேயே கிளினிக் வரிசையில் நின்றார், மருந்து வரவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது மாதம் அவரைத் திரும்ப வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அங்கே போனபோது, "மருந்தை வரச் சொல்ல எந்த ஃபாரம் நிரப்பணும்?" என்று பெரியம்மா கேட்டார். அந்த மேசையில் இருந்த யாரும் பதில் சொல்லவில்லை.