தோட்டத்து வீட்டுக்கு 5ஜி டப்பா போடலாமுங்களா?

காங்கயத்துக்கு அக்கட்ட தோட்டத்துல குடியிருக்கறமுங்க, ஃபைபர்காரங்க ரோட்டு வரைக்கும் வந்துட்டு உள்ள இழுக்கோணும்னா கம்பத்துக்குத் தனியா காசு கேட்டாங்க, சரின்னு மொட்டை மாடில டப்பா மாட்டற 5ஜி வைஃபை கனெக்சன் வாங்கியாச்சு. கம்பெனி பேரு சொல்லலைங்க, உங்க தோட்டத்துக்குப் பக்கத்துல யாரு டவர் இருக்கோ அதுதான் உங்களுக்கு நல்ல கம்பெனி.

மாட்ட வந்த பையன் ஒயரு மிச்சம் புடிக்கறதுக்கு தென்னந்தோப்பு பக்கமா மாட்டிட்டுப் போயிட்டான். 100 எம்பிபிஎஸ் பிளான், 20 கூட வரல, காத்தடிச்சா வீடியோ சுத்திக்கிட்டே நிக்கும், மழை பேஞ்சு மட்டை நனைஞ்சா அதுவும் போச்சு. இங்க 5ஜி நல்ல ஸ்பீடு குடுக்கறது 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை பக்கத்துலதான், அந்த அலை மரத்துலயும் செவுத்துலயும் பட்டா பாதி செத்துரும். 700 மெகாஹெர்ட்ஸ் தூரமாப் போகும், ஆனா அந்த வேகம் வராது. சத்தம் போட்டு வேற ஆளை வரவெச்சு, தண்ணித் தொட்டி மேல பைப்பு நட்டு, டவரு நேராத் தெரியற மாதிரி திருப்புனதுக்கப்பறம் காலைல 90க்கு மேல வருதுங்க. பொழுதோட ஊரே சீரியலும் கிரிக்கெட்டும் பாக்கறப்ப 40க்கு எறங்கிரும், ஒரே டவரைத்தான எல்லாரும் பங்கு போடறாங்க.

"100ன்னு சொல்லிட்டு 12தான் எறங்குது"ன்னு மாமா சண்டைக்கே கெளம்பிட்டாரு. பிளான்ல சொல்றது மெகாபிட் கணக்குங்க மாமா, போன்ல எறங்கறதைக் காட்டறது மெகாபைட்டு. 8 பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு, 100ஐ 8ல வகுத்தா 12 சொச்சம் மெகாபைட்டுதான் செகண்டுக்கு.

அப்லோடுதான் கடுப்பு. போறதும் வர்றதும் ஒரே அலைவரிசைல நேரம் பிரிச்சு ஓடுது, பெரும்பங்கு டவுன்லோடுக்கே ஒதுக்கிடறாங்க. மச்சான் பனியன் கம்பெனிக்கு பிரிண்ட் டிசைன் போடறவன், பெரிய ஃபைல்னா இன்னும் திருப்பூர் போயித்தான் அனுப்பறான். பழைய டிவிஆர், அதான் கேமரா படத்தைப் பதிவு பண்ற டப்பா, அது வெச்சு வெளிய இருந்து கேமரா பாக்கறவங்களும் கேட்டுட்டு வாங்குங்க, பல வீட்டுக்கு ஒரே ஐபி (இன்டர்நெட்ல நம்ம வீட்டு விலாசம் மாதிரி) குடுக்கறதால வெளிய இருந்து நேரா ஐபி அடிச்சுப் பாக்க முடியாது, கிளவுட் ஆப் இருந்தா ஓடும். கரண்ட் போனா டப்பாவும் படுத்துரும், அதுக்கும் சேத்து யுபிஎஸ் வேணும்.

படம், ஆன்லைன் கிளாஸ், வெளிநாட்டு வீடியோ கால், இதுக்கெல்லாம் தாராளமாப் போடலாம். மொத தடவையே வருச பிளான் மட்டும் கட்டிறாதீங்க, ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. விளம்பரத்துல போடற ரேட்டுக்கு மேல 18% ஜிஎஸ்டி வேற வருமுங்க.