ஆயிரம் வாட் ஆம்பும் கடைமடைக் கரண்டும்: மூன்று வருட அனுபவம்

கார் டிக்கியில் ஆயிரம் வாட் ஆர்எம்எஸ் (விடாமல் தரும் சக்தி) மோனோ ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், கூடவே அடித்தொனிக்கான 12 இன்ச் சப்வூஃபர் ஸ்பீக்கர். மூன்று வருஷமாகத் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆம்ப் ஒரு நாளும் தொல்லை தரவில்லை. அதற்குக் கரண்ட் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள்தான் நான் பட்ட பாடு.

மாட்டிய புதிதில் பேஸ் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கும். சத்தத்தை முக்கால்வாசிக்கு மேல் ஏற்றினால் ஆம்பில் சிவப்பு லைட் எரிந்து நின்றுவிடும். கடையில் கேட்டதற்கு, கரண்டைச் சேர்த்துவைத்துச் சட்டென்று தரும் ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் போடச் சொன்னார்கள். நீல டிஸ்ப்ளேயோடு பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வோல்டேஜ் 13.5-லிருந்து 12-க்கு இறங்கும்போது அது தருவது சுமார் 19 ஜூல். ஆயிரம் வாட்டுக்கு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குதான் தாங்கும். இந்தக் கணக்கைக் காசு கொடுத்த பிறகுதான் போட்டுப் பார்த்தேன்.

கடைசியில் எங்கள் தெரு மைக்செட் அண்ணன் மீட்டரோடு வந்தார். பாட்டு ஓடும்போது பேட்டரி முனையில் 13.9 வோல்ட், ஆம்ப் முனையில் 11.6.

"தம்பி, மேட்டூர்ல தண்ணி இருக்கு. கடைமடைக்குத்தான் வரல."

எங்கள் ஊர்க்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் எதற்கு?

ஆயிரம் வாட் வெளியே வர, 80 சதவீதத் திறனுள்ள கிளாஸ் டி ஆம்ப் 1250 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் அது 90 ஆம்பியர். கிட்டோடு வந்த ஒயரில் 4 கேஜ் தடிமன் என்று அச்சடித்திருந்தது. வெட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் பிளாஸ்டிக் தோல், உள்ளே செம்பு பூசிய அலுமினியம். செம்பு கடத்துவதில் அறுபது சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். அதைப் பிடுங்கிவிட்டு 35 ஸ்கொயர் எம்எம் செம்பு வெல்டிங் கேபிள் இழுத்தோம்.

"வாய்க்காலைப் பாத்தே, வடிகாலைப் பாத்தியா?" என்று அடுத்து, கரண்ட் வண்டி பாடி வழியாகத் திரும்பிப் போகும் எர்த்தைக் கழற்றினார். பெயின்ட் மேலேயே போல்ட் முடுக்கியிருந்தது! தகரம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, அதே தடிமனில் எர்த் ஒயர் போட்டோம். பானெட்டுக்குள் பேட்டரி நெகட்டிவ்–பாடி, என்ஜின்–பாடி, ஆல்டர்னேட்டர் (என்ஜின் சுற்றும்போது கரண்ட் தருவது)–பேட்டரி மூன்றுக்கும் கூடுதல் ஒயர். இப்போது பேட்டரி முனைக்கும் ஆம்ப் முனைக்கும் வித்தியாசம் 0.4 வோல்ட். ஹெட்லைட் அசைவதில்லை.

பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். அது ஆம்பைக் காக்க அல்ல. ஒயர் எங்காவது தகரத்தில் உரசினால் வண்டி தீப்பிடிக்காமல் இருக்க.

குறை இல்லாமல் இல்லை. ஆல்டர்னேட்டர் 90 ஆம்பியர்தான். ஏசி, வைப்பர், ஹெட்லைட் எல்லாம் ஓடும் ஐப்பசி மழை ராத்திரியில் நானே சத்தத்தைக் குறைத்துவிடுவேன். ஒரு தடவை கோடியக்கரையில் என்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்டதில் ஸ்டார்ட்டர் 'டிக்'கென்று மட்டும் சொன்னது. மணலில் நாலு பேர் தள்ளினார்கள். உப்புக்காற்றில் எர்த் போல்ட் வருஷத்துக்கு ஒரு தடவை பச்சை பூக்கும். கழற்றித் தேய்த்து வாசலின் தடவுகிறேன்.

கெப்பாசிட்டர் இன்னும் டிக்கியில்தான் இருக்கிறது. டிஸ்ப்ளே நன்றாகத் தெரிவதால் வோல்ட்மீட்டராக வைத்துக்கொண்டேன்.