கல் சுத்தியலா, மான் கொம்பா?

சிக்கிமுக்கிக் கல்லைச் செதுக்கப் பழகுபவர் முதலில் எதைக் கையில் எடுப்பது? என் தேர்வு உருண்டைக் கூழாங்கல்தான். சுண்ணாம்புத் தோல் மூடிய கட்டியின் விளிம்பில், 90 பாகைக்குக் குறைவான கோணம் பார்த்து ஓங்கி ஒரே அடி; தடித்த சில்லு தெறிக்கும். அடிபட்ட இடத்துக்குக் கீழே, அதன் உட்புறத்தில் சிறு குமிழ் புடைத்திருக்கும். தடவிப் பாருங்கள், விசை போன வழி புரியும்.

மான் கொம்பால் அடித்தால், அது கல்லின் விளிம்பைக் கவ்வி, மெல்லிய அகன்ற சில்லாகப் பிரித்தெடுக்கும். இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் சுமார் 5,00,000 ஆண்டுகளுக்கு முன்பே ஆதி மனிதர்கள் கல்லாலான கைக்கோடரிகளை இப்படித்தான் மெலிதாக்கி முடித்தார்கள். கொம்புச் சுத்தியலே அங்கு கிடைத்திருக்கிறது. எத்தனை அழகான கைத்திறன்! ஆனால் அடிக்கும் முன் விளிம்பைத் தேய்த்து உறுதிப்படுத்தாவிட்டால் நொறுங்கிவிடும். கோணம் கைவந்த பிறகே கொம்பைத் தொடுங்கள்.

எதுவானாலும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கல்தூசு நுரையீரலைக் கெடுக்கும்; திறந்தவெளியில் உட்காருங்கள்.